தொழிலாளர் சங்கமும் கூலி ஆலோசகர்களும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்தில் நடந்துவரும் ஒரு வியாபாரத்தைப் பற்றியதாகும். உலகத்தில் அரிசி வியாபாரம் உண்டு. ஜவுளி வியாபாரம் உண்டு. வட்டி வியாபாரமும் உண்டு. ஆனால், "எங்களுக்குச் சங்கம் வேண்டாம்" என்று தொழிலாளியின் வாயாலேயே சொல்ல வைப்பதை ஒரு வியாபாரமாக நடத்தி, அதற்குக் கம்பெனி ஏற்படுத்தி, ஆபீசு வைத்து, நாளுக்கு இத்தனை டாலர் என்று கூலி பேசிப் பிழைக்கின்ற ஒரு கூட்டம் அங்கே இருந்து வருகின்றது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் "ஆலோசகர்கள்" என்பது. தொழிலாளர்கள் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் "சங்கம் உடைப்பவர்கள்" என்பது. இரண்டில் எது பொருத்தமான பெயர் என்பதை இந்தப் பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

"அமெரிக்காக்காரன் சங்கதி நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தொழிலாளிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் அவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி இருக்கின்றதே, அதற்குத் தேசமும் கிடையாது, பாஷையும் கிடையாது. "சந்தா வாங்கித் தின்ன வருகிறான்", "வெளியாள் பேச்சைக் கேட்காதே", "ஆலையை மூடிவிட்டால் உன் பிள்ளை குட்டி என்ன ஆகும்?" என்பவைகளைக் கேட்காத தொழிலாளி எந்த ஊரிலும் இருக்க மாட்டான். இந்தப் புத்திமதியை ஒரு சாஸ்திரமாகவே செய்து, பாடம் பாடமாகப் பிரித்து, விலை வைத்து விற்கிற இடம் அமெரிக்கா. ஆனபடியால் அது தயாராகும் இடத்திற்கே போய்ப் பார்ப்பது நமக்குப் பிரயோஜனமான காரியம் என்று கருதுகின்றோம். நாம் சொல்லுவதையும் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1935-ம் வருஷத்தில் அங்கே தேசீயத் தொழில் உறவுச் சட்டம் என்று ஒன்று ஏற்பட்டது. செனட் சபை மெம்பர் வாக்னர் என்பவர் கொண்டுவந்தபடியால் வாக்னர் சட்டம் என்றும் சொல்லுவார்கள். தனியார் கம்பெனிகளில் வேலை செய்யும் தொழிலாளிகளுக்குச் சங்கம் வைத்துக்கொள்ளவும், கூட்டாகக் கூலி பேசவும் உரிமை உண்டு. அதற்காக ஒருவனை வேலையை விட்டு நீக்குவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. ஒரு தொழிற்சாலையில் 100-க்கு 30 பேருக்குக் குறையாமல் "எங்களுக்குச் சங்கம் வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சர்க்கார் போர்டு அங்கே இரகசிய ஓட்டு நடத்தும். விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் சங்கத்திற்குக் கிடைத்தால், முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசித்தான் ஆகவேண்டும்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கின்றது பாருங்கள்! ஆனால் கையெழுத்துக் கொடுத்த நாளுக்கும் ஓட்டுப் போடும் நாளுக்கும் நடுவில் சில வாரங்கள் கழிகின்றன. அந்தச் சில வாரங்கள்தான் ஆலோசகருடைய அறுவடைக் காலம். கையெழுத்துப் போட்ட கையை ஓட்டுச் சீட்டின் முன் நடுங்கச் செய்வதுதான் அவருடைய தொழில்.

இந்தத் தொழில் ஒரே நாளில் இந்த உருவத்திற்கு வந்துவிடவில்லை. முதலில் அது துப்பாக்கியோடு வந்தது. பிறகு மாறுவேஷத்தில் வந்தது. கடைசியாகத்தான் மரியாதையான உடுப்புப் போட்டுக்கொண்டு காகிதப் பையோடு வந்தது.

துப்பாக்கிக் காலத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். பென்சில்வேனியா மாகாணத்தில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் கார்னெகி என்பவருக்குச் சொந்தமான பெரிய இரும்பாலை இருந்தது. தர்மப் பிரபு என்றும், ஊர் ஊராய் புத்தகசாலை கட்டிக் கொடுத்தவர் என்றும் பெயர் வாங்கியவர் அவர். 1892-ம் வருஷத்தில் அங்கே கூலித் தகராறு வந்தது. ஆலையை நிர்வகித்த பிரிக் என்பவர் ஆலையைச் சுற்றி வேலி போட்டு, தொழிலாளிகளை வெளியே தள்ளிக் கதவடைத்தார். பிறகு பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் கம்பெனியிடமிருந்து 300 ஆட்களை வாடகைக்கு அமர்த்தி, ஜூலை 6-ந் தேதி விடியற்காலையில் ஆற்று வழியே படகுகளில் ஏற்றி அனுப்பினார். கரையில் தொழிலாளிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் வந்து மறித்தார்கள். நாள் முழுவதும் சண்டை நடந்தது. இரண்டு பக்கத்திலுமாகச் சேர்த்துப் பத்துப் பேர் வரையில் செத்தார்கள். வாடகை ஆட்கள் சரணடைந்தார்கள். ஆனால் சில நாளில் மாகாணச் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பி ஆலையைப் பிடித்து முதலாளியிடம் கொடுத்தது. நவம்பர் மாதத்தில் வேலைநிறுத்தம் முறிந்துபோயிற்று. அந்த அடியில் விழுந்த இரும்புத் தொழிலாளர் சங்கம் எழுந்து நிற்க சுமார் நாற்பது வருஷமாயிற்று.

ஆனாலும் இவ்வளவு ரத்தத்தைப் பார்த்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1893-ம் வருஷத்தில், இப்படிப்பட்ட வாடகைப் பட்டாளத்தைச் சர்க்கார் அமர்த்தக்கூடாது என்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. கவனியுங்கள்: சர்க்கார்தான் அமர்த்தக்கூடாதே ஒழிய, முதலாளிக்குத் தடையில்லை!

துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் அதிகமானபோது ஒற்றன் முக்கியமானான். சங்கத்தில் சேர்ந்து, சந்தா கொடுத்து, கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டுவிட்டு, இரவில் உட்கார்ந்து யார் யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று முதலாளிக்கு எழுதி அனுப்புகிறவன் அவன். 1936-ம் வருஷத்தில் செனட் சபை மெம்பர் லா பாலெட் என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி ஆரம்பித்து வருஷக் கணக்கில் விசாரித்தது. பெரிய பெரிய மோட்டார் கம்பெனிகளே ஒற்றர்களுக்குப் பணத்தை வாரி இறைத்திருந்தது வெளியாயிற்று. ஒற்றர்களில் பலர் சாதாரண மெம்பர்களாகக்கூட இல்லை. சங்கத்தின் நிர்வாகிகளாகவே இருந்திருக்கிறார்கள்! இது அம்பலமான பிறகு, 1937-ல் பிங்கர்டன் கம்பெனி "இனிமேல் சங்கங்களில் ஒற்று வேலை செய்வதில்லை" என்று தீர்மானம் போட்டுக்கொள்ள நேர்ந்தது.

துப்பாக்கியும் ஒற்றனும் அம்பலமான பிறகு முதலாளிகள் புத்தி மாறினார்களா? இல்லை. ஆளைத்தான் மாற்றினார்கள். 1939-ம் வருஷத்தில் சிக்காகோ நகரத்தில் நேதன் ஷெபர்மன் என்பவர், சியர்ஸ் ரோபக் என்ற பெரிய ஜவுளி, சாமான் வியாபாரக் கம்பெனியின் ஆதரவோடு ஒரு ஆலோசனைக் கம்பெனி ஆரம்பித்தார். அதற்கு "தொழில் உறவுக் கூட்டாளிகள்" என்ற பொருள் தரும் அழகான பெயர். நூற்றுக்கணக்கான முதலாளிகள் அவரிடம் வாடிக்கைக்காரர்களானார்கள். அடியாள் இல்லை, துப்பாக்கி இல்லை. தொழிலாளியின் மனதில் என்ன இருக்கின்றது என்று அறியக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். அதைக் கொண்டு சங்கத்திற்கு அனுகூலமானவன் யார், பயந்தவன் யார், பதவி ஆசை உள்ளவன் யார் என்று பிரித்துக்கொள்வார்கள். பிறகு தொழிலாளிகளுக்குள்ளேயே சிலரைப் பிடித்து "சங்கம் வேண்டாம்" கமிட்டி ஏற்படுத்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தொழிலாளிகளே தாமாகச் சங்கத்தை எதிர்ப்பதுபோல் இருக்கும். பொம்மலாட்டத்தில் பொம்மை தெரியும், கயிறு தெரியாது.

1957-ம் வருஷத்தில் மக்லெலன் என்பவர் தலைமையில் செனட் சபைக் கமிட்டி ஒன்று விசாரித்தபோதுதான் இந்தக் கயிறு தெரிந்தது. அந்த விசாரணையில் வெளியான இன்னொரு சங்கதியையும் நாம் மறைக்கப் போவதில்லை. டீம்ஸ்டர்ஸ் என்னும் லாரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவராயிருந்த டேவ் பெக் என்பவர், தம் வீட்டுக்கு வேண்டிய சாமான்களைச் சங்கப் பணத்தில் வாங்கியிருந்தார். யார் மூலமாக வாங்கினார் தெரியுமா? இதே ஷெபர்மன் மூலமாகத்தான்! சங்கத்தை உடைப்பதற்குக் கூலி வாங்குகிறவரும், சங்கத்தின் தலைவரும் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள்! ஆகவே, தொழிலாளிகள் முதலாளியை மாத்திரம் கண்காணித்தால் போதாது. தங்கள் தலைவர்களையும் கணக்குக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். கணக்குக் கேட்கும் வழக்கமில்லாத சங்கம், சங்கம் உடைப்பவனுக்குத் திறந்துவைத்த கதவாகும்.

நிற்க. இனி இந்த ஆலோசகர்கள் வேலை செய்யும் மாதிரியைச் சொல்லுகின்றோம். இதை இந்தத் தொழிலிலேயே இருந்த ஒருவர் வெளிப்படுத்தியிருக்கிறார். மார்ட்டின் ஜே லெவிட் என்பவர் 1969-ல் இத்தொழிலில் புகுந்து, சுமார் இருபது வருஷம் நன்றாகச் சம்பாதித்து, பிறகு அதை விட்டு விலகி, 1993-ல் தாம் செய்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். அவரும் ஆராய்ச்சிக்காரர்களும் சொல்லுவதிலிருந்து இந்த முறையை நாலு படிகளாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் படி, மேஸ்திரிகளைப் பிடிப்பது. ஆலோசகர் முதலில் தொழிலாளியிடம் வருவதில்லை. மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் கூட்டி வைத்துப் பாடம் சொல்லுவார். ஏன் அவர்கள்? 1947-ம் வருஷத்தில் செய்யப்பட்ட டாப்ட்-ஹார்ட்லி சட்டம், மேல்பார்வை செய்கிறவர்களுக்கு முன்சொன்ன பாதுகாப்பு இல்லையென்று ஆக்கிவிட்டது. ஆகையால் "சங்கத்துக்கு விரோதமாகப் பேச மாட்டேன்" என்று ஒரு மேஸ்திரி சொன்னால், பெரும்பாலும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பாவம், அவனும் கூலிக்காரன்தான். லீவு கொடுப்பவன் அவன். வேலை பிரித்துக் கொடுப்பவன் அவன். "இவன் நல்லவன்" என்று மேலே எழுதுகிறவன் அவன். அவன் வாயிலிருந்து வரும் வார்த்தை தொழிலாளியின் காதில் சோற்றுப் பானையின் சத்தமாகக் கேட்கும். இந்தத் தந்திரத்துக்குத்தான் விலை.

இரண்டாவது படி, கட்டாயக் கூட்டம். வேலை நேரத்திலேயே தொழிலாளிகளை ஒரு அறையில் உட்கார வைத்து, சங்கத்திற்கு விரோதமாகப் பிரசங்கம் செய்வது. எழுந்து போனால் வேலை போகும். எதிர்க்கேள்வி கேட்பவனை அடுத்த கூட்டத்திற்கு அழைக்காமல் ஒதுக்கி வைப்பதும் உண்டு. சங்கத்துக்காரனுக்கோ ஆலைக்குள் வந்து பதில் சொல்ல இடமில்லை. ஒரு பக்கத்து வக்கீல் மாத்திரம் பேசி, மறு பக்கத்து வக்கீலை வாசலில் நிறுத்திவைக்கும் கோர்ட்டை நீங்கள் கோர்ட்டு என்று ஒப்புக்கொள்வீர்களா?

மூன்றாவது படி, தனித்தனியாகப் பிடிப்பது. கூட்டத்தில் சிங்கமாயிருப்பவன் தனியே அறையில் எதிரே மேஸ்திரி உட்கார்ந்தால் பூனையாகிவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக் கடன் எவ்வளவு, பெண்சாதிக்கு உடம்பு எப்படி என்றெல்லாம் பரிவோடு விசாரித்து, "நீ ஏன் இந்த வம்பில் மாட்டிக்கொள்கிறாய்?" என்று கேட்பார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மசியாதவர்களுடைய சொந்த வாழ்க்கையையும், போலீசு ரிக்கார்டுகளையும் துருவித் துருவிப் பார்த்து, வதந்தி கிளப்புவதும் உண்டென்று லெவிட் எழுதியிருக்கிறார்.

நான்காவது படி, தலையானவனை வெளியேற்றுவது. ஒருவனை நீக்கினால் நூறு பேர் வாய் மூடுவார்கள் என்பது கணக்கு.

இவையெல்லாம் ஏதோ ஒன்றிரண்டு கெட்ட முதலாளிகள் செய்ததல்ல. கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த கேட் பிரான்பென்பிரென்னர் என்ற அம்மையார், 1999 முதல் 2003 வரையில் நடந்த சங்க ஓட்டுகளில் ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்து ஆராய்ந்து, 2009-ல் வெளியிட்டிருக்கிறார். 100-க்கு 89 இடங்களில் கட்டாயக் கூட்டம் போடப்பட்டிருக்கிறது. 57 இடங்களில் ஆலையையோ அதன் ஒரு பகுதியையோ மூடிவிடுவதாக மிரட்டியிருக்கிறார்கள். 34 இடங்களில் தொழிலாளிகளை வேலை நீக்கியிருக்கிறார்கள். எக்கனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2019-ல் கணக்கெடுத்தபோது, இந்த ஆலோசகர்களுக்கு அமெரிக்க முதலாளிகள் செலவழிப்பது வருஷத்துக்குச் சுமார் 34 கோடி டாலர் என்று கண்டது. கூலியை ஒரு டாலர் உயர்த்தச் சொன்னால் "எங்கே இருக்கிறது பணம்?" என்று கைவிரிக்கிறவர்கள், கூலியை உயர்த்தாமலிருப்பதற்கு 34 கோடி செலவழிக்கிறார்கள் என்றால், இதில் யார் பைத்தியக்காரர்கள்? அவர்களா? அல்லது அவர்கள் சொல்லை நம்புகிறவர்களா?

"வேலை நீக்குவது குற்றம் என்று சட்டம் இருக்கிறதே, தண்டிக்க மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். அந்தத் தண்டனையின் யோக்கியதையைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் குற்றம் செய்த முதலாளிக்கு அபராதமே கிடையாது. வருஷக் கணக்கில் வழக்கு நடந்து தொழிலாளி ஜெயித்தால், அவனுக்கு வரவேண்டிய பழைய சம்பளம் கிடைக்கும். அதிலும், நடுவில் அவன் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு இடத்தில் வேலை செய்து சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். திருடியவன் அகப்பட்டால் திருடினதை, அதுவும் கொஞ்சம் கழித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஒரு சட்டமிருந்தால் எவன்தான் திருடமாட்டான்?

அடுத்தபடியாக, இந்த ஆலோசகர்கள் தங்கள் பெயரை வெளியிட வேண்டும் என்று சட்டமில்லையா என்றால், அதுவும் இருக்கிறது. 1957 விசாரணையின் பலனாக 1959-ல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளிகளின் மனதை மாற்றுவதற்காக அமர்த்தப்பட்ட ஆலோசகர், அந்த ஒப்பந்தத்தை முப்பது நாளுக்குள் சர்க்காருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். முதலாளியும் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து வைத்தார்கள். முதலாளிக்கு "யோசனை" மாத்திரம் சொல்லுகிறவர் தெரிவிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சந்து. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆலோசகர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரசங்கத்தை எழுதுவார். மேஸ்திரி முன்னால் நின்று வாசிப்பார். தொழிலாளி முகத்தில் விழிக்காதவரையில் அவர் சொல்லுவதெல்லாம் "யோசனை"தான்! 2016-ம் வருஷத்தில் ஒபாமா சர்க்கார் இந்தச் சந்தை அடைப்பதற்கு ஒரு விதி செய்தது. டெக்சாஸ் மாகாணத்தில் இருந்த கோர்ட்டு அதே வருஷத்தில் அதைத் தடுத்தது. 2018-ல் பின்னால் வந்த சர்க்கார் அந்த விதியையே எடுத்துப் போட்டுவிட்டது.

தோழர்களே! ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் தொழிலாளிக்குச் சொல்லுவது உண்மையானால், "சங்கத்தால் உனக்கு நஷ்டம்" என்பது நிஜமானால், அதைச் சொல்லுகிறவர் தம் பெயரை மறைப்பானேன்? தம் கூலியை மறைப்பானேன்? நல்ல மருந்து விற்கிறவன் சீசாவின்மேல் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளுவான். பெயரைக் கிழித்துவிட்டு விற்கிற மருந்தை எவனாவது வாங்கிக் குடிப்பானா?

இனிச் சமீப காலத்து உதாரணம் ஒன்று சொல்லுகின்றோம். அமேசான் என்ற கம்பெனியை அறியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அலபாமா மாகாணத்தில் பெஸ்ஸிமர் என்ற ஊரில் அந்தக் கம்பெனிக்கு ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. அங்கே 2021-ம் வருஷத்தில் சங்கத்துக்காகத் தபால் மூலம் ஓட்டெடுத்தார்கள். அங்கே வந்த ஆலோசகர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,200 டாலரும், வழிச் செலவும் கூலி என்பது, அவர் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தினாலேயே தெரியவந்தது. அந்தக் கிடங்கில் அப்போது புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கு மணிக்கு 15 டாலர் 30 சென்ட் கூலி. பத்து மணி நேரம் ஓடி ஓடிப் பெட்டி தூக்கினால் 153 டாலர். அதாவது, "உனக்குக் கிடைக்கும் கூலி போதும், சங்கம் எதற்கு?" என்று ஒரு நாள் பேசுகிறவருக்கு, தொழிலாளி இருபது நாளைக்கு மேல் உழைத்து வாங்கும் கூலி! ஏப்ரலில் ஓட்டை எண்ணியபோது சங்கத்துக்கு 738, எதிராக 1,798. கம்பெனி நடந்துகொண்ட விதம் முறையல்லவென்று சர்க்கார் போர்டு அந்த ஓட்டைத் தள்ளி, மறு ஓட்டுக்கு உத்தரவு போட்டது. ஆனால் அதற்குள் ஆலோசகர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறு வருஷம், 2022-ல், நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் ஐலண்டில் அதே கம்பெனியின் இன்னொரு கிடங்கில் ஓட்டு நடந்தது. கிறிஸ்டியன் ஸ்மால்ஸ் என்ற நீக்ரோ வம்சத்துத் தொழிலாளி, 2020-ல் கொரோனா காலத்தில் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று வெளியேறி நின்றதற்குப் பின் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். "அவரை இயக்கத்தின் முகமாகக் காட்டினால் நமக்கு அனுகூலம்" என்ற கருத்தில் கம்பெனி வக்கீல் அப்போது எழுதி வைத்த குறிப்பும் பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது. அந்த வக்கீல் ஏளனம் செய்த மனிதரும், அவருடைய தோழர்களும் பெரிய சங்கங்களின் பணபலம் இல்லாமலே வேலை செய்தார்கள். கிடங்குக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் கூடாரம் போட்டு, வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டுப் பேசினார்கள். கட்டாயக் கூட்டத்துக்குள் தைரியமாய் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்டார்கள். "உங்களுக்குப் புத்தி சொல்ல வந்திருப்பவர் யார், அவருக்கு நாள் கூலி என்ன" என்பதைத் தொழிலாளிகளே தொழிலாளிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஏப்ரல் 1-ந் தேதி முடிவு வெளியானபோது சங்கத்துக்கு 2,654, எதிராக 2,131. அந்தக் கம்பெனி அமெரிக்காவில் சங்கத்திடம் ஓட்டில் தோற்றது அதுதான் முதல் தடவை.

இரண்டு இடத்திலும் கம்பெனி ஒன்று, புத்திமதியும் ஒன்று. ஸ்டேட்டன் ஐலண்டில் ஜெயித்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒரு காரணத்தை நாம் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். புத்தி சொல்லுகிறவனுக்குப் படியளப்பது யார் என்று தொழிலாளி கேட்ட மாத்திரத்தில் மந்திரத்தில் பாதி செத்துப்போகிறது.

இதனால் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஓட்டில் ஜெயிப்பது ஒன்று, ஒப்பந்தம் வாங்குவது மற்றொன்று. 2024 ஜூன் மாதத்தில் அந்தச் சங்கம் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தோடு இணைந்தபோது, ஜெயித்து இரண்டு வருஷமாகியும் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. காலத்தைக் கடத்துவதும் ஆலோசகர்களின் பாடத்தில் ஒன்றுதான். 2024 நவம்பரில் சர்க்கார் போர்டு, கட்டாயக் கூட்டம் சட்டவிரோதம் என்று அமேசான் வழக்கில் தீர்ப்புச் செய்து, 1948 முதல் இருந்துவந்த பழைய தீர்ப்பை மாற்றியது. ஆனால் போர்டு மெம்பர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி மாறினால் மெம்பர் மாறுவார். மெம்பர் மாறினால் தீர்ப்பும் மாறலாம். ஆகையால் தீர்ப்பை நம்பித் தூங்குகிற சங்கம் கண் விழிக்கும்போது தீர்ப்பு இருக்காது.

இதற்கெல்லாம் பலன் என்ன? 1950-களில் அமெரிக்காவில் கூலிக்காரர்களில் மூன்றிலொரு பங்குப் பேர் சங்கத்தில் இருந்தார்கள். 2024-ல் 100-க்கு 9.9 பேர். தனியார் கம்பெனிகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால் 100-க்கு 5.9 பேர். ஆலைகள் வேறு தேசங்களுக்குப் போனது முதலிய வேறு காரணங்களும் இதற்கு உண்டு. எல்லாப் பழியையும் ஆலோசகர் தலையில் போடுவது பகுத்தறிவாகாது. ஆனால் அதே 2024-ல் காலப் ஸ்தாபனம் ஜனங்களின் அபிப்பிராயத்தை விசாரித்தபோது 100-க்கு 70 பேர் சங்கங்கள் நல்லவை என்றார்கள். எழுபது பேர் நல்லது என்று சொல்லும் ஒன்றில் பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கிறார்கள் என்றால், நடுவில் பயம் உட்கார்ந்திருக்கின்றதா இல்லையா என்று கேட்கின்றோம்.

"முதலாளிக்கு மாத்திரம் பேச்சுரிமை கிடையாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக உண்டு. அவர் பேசட்டும், தம் சொந்த வாயால் பேசட்டும், வாடகை வாய் வைத்துப் பேசினாலும், இது வாடகை வாய் என்று எழுதி ஒட்டிவிட்டுப் பேசட்டும். கேட்க இஷ்டமில்லாதவன் எழுந்துபோக வழி விடட்டும். பதில் சொல்ல சங்கத்துக்காரனுக்கும் அதே மேடையை, அதே நேரத்தைக் கொடுக்கட்டும். இத்தனைக்கும் சம்மதித்தால் அது பேச்சுரிமை. எழுந்தால் வேலை போகும் என்று உட்கார வைத்துப் பேசுவதற்குப் பேச்சுரிமை என்று பெயரிடுவது பித்தலாட்டமேயாகும்.

"சங்கம் வெளியாள், முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள் அந்நியன் எதற்கு?" என்பது இவர்களுடைய பெரிய அஸ்திரம். நல்லது. குடும்பத்துக்குள் அந்நியன் கூடாதென்றால் நாளைக்கு 3,200 டாலர் கொடுத்து ரயிலேற்றி விமானமேற்றி அழைத்துவந்த ஆலோசகர் யார்? மாமனா, மச்சானா? அதுவும் போகட்டும். குடும்பம் என்றால் வரவு செலவு எல்லோருக்கும் தெரியவேண்டாமா? லாபத்தில் பங்கு கேட்டால் கூலிக்காரன். சங்கம் கேட்டால் குடும்பம்! இப்படி ஒரு குடும்பத்தை நாம் எங்கும் கண்டதில்லை.

ஆகவே தோழர்களே! தாய்மார்களே! எந்த ஊரிலானாலும், எந்தத் தொழிலிலானாலும், உங்களுக்கு யாராவது இலவசமாகப் புத்தி சொல்ல வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்ல உமக்குக் கூலி கொடுப்பது யார்? எழுந்துபோக எனக்கு உரிமை உண்டா? இதற்குப் பதில் சொல்லுகிறவனும் இதே இடத்தில் பேசலாமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு யோசித்து உங்களிஷ்டப்படி செய்யுங்கள். பதில் வரவில்லையானால் அது புத்திமதியல்ல, கூலிக்கு மாரடிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதே மூன்று கேள்விகளை உங்கள் சங்கத் தலைவரிடமும் கேளுங்கள். இங்கே நின்று பேசுகிற நம்மிடமும் கேளுங்கள். கேள்விக்கு அஞ்சாதவன்தான் உங்களுக்கு நண்பனாக இருக்க முடியும்.

பயம் என்பது தனியாயிருப்பவனிடத்தில் விற்கும் சரக்கு. நாலு பேர் சேர்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டால் அதற்கு விலையில்லை. ஆதலால்தான் உங்களைத் தனியே கூப்பிடுகிறார்கள். நீங்கள் தனியே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு நமது பேச்சை முடித்துக்கொள்கின்றோம்.